வளைந்த கண்ணாடி வியாபாரம்

வளைந்த கண்ணாடி விற்கிறவனிடம் யாரும் சந்தோஷமாக வருவதில்லை. எங்கோ யாரோ இடித்துக்கொண்ட பிறகோ, எதுவோ களவு போன பிறகோதான் வருவார்கள்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி என் கடை. நான் விற்பது முக்கியமாக இரண்டு சாமான். ஒன்று, தெருமுக்கிலும் பெரிய கடைகளிலும் உயரத்தில் மாட்டுகிற, வெளியே புடைத்த கண்ணாடி. நாலா பக்கமும் இருப்பதை உள்ளே இழுத்துக் காட்டும். அதற்குக் கூலியாக எல்லாவற்றையும் சின்னதாக்கிவிடும். இன்னொன்று, சவரத்துக்கும் பியூட்டி பார்லருக்கும் போகிற, உள்ளே குழிந்த கண்ணாடி. பக்கத்தில் போனால் முகத்தைப் பெரிதாகக் காட்டும். தள்ளிப் போனால் தலைகீழாக்கிவிடும். பள்ளிக்கூடத்தில் குவியாடி, குழியாடி என்று படித்து, ஸ்கேல் வைத்துக் கதிர் வரைந்தோமே, அதே சங்கதிதான். நான் கல்லூரியிலும் அதைத்தான் படித்தேன். அதற்கு மேல் வேலை ஒன்றும் கிடைக்காததால் படித்ததையே விற்கிறேன். ஏணியில் ஏறி மாட்டுவது மைதீன் பாய். மேலப்பாளையத்துக்காரர், என்னைவிட மூத்தவர், அதிகம் பேசமாட்டார்.

வாடிக்கையாளர் முன்னால் நின்று பிழைக்கிற எல்லோருக்கும், நீங்கள் மருந்துக்கடையில் இருந்தாலும் சரி, மின்சாரக் கட்டணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாலும் சரி, நான் சொல்லப் போவது புரியும். நாம் கொடுத்த பொருள் அதற்குத் தெரிந்ததை மட்டும் செய்யும். வாங்கிப் போனவருக்கு அது வேறு என்னவோ செய்ய வேண்டியிருக்கும். நடுவில் நிற்பது நாம்.

தலைகீழாக நடந்த திருடன்

டவுனில் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி. கடையை விஸ்தரித்து, ஆட்களே உள்ளே போய் சாமான் எடுத்துக்கொள்கிற மாதிரி மாற்றியிருந்தார். சோப்பும் தேங்காயெண்ணெயும் காணாமல் போகிறது என்று என்னைக் கூப்பிட்டார். மூலையில் உயரத்தில் புடைத்த கண்ணாடி ஒன்றை மாட்டிக் கொடுத்தோம். கல்லாவில் உட்கார்ந்தபடியே கடை முழுவதும் தெரிந்தது. ஒரு வாரத்தில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "தலையெல்லாம் நெல்லிக்காய் மாதிரி இருக்குவே. யாரு எவன்னு அடையாளம் தெரிய வேண்டாமா? எங்க வீட்டு ரசக்கண்ணாடியில மூஞ்சி எம்புட்டுப் பெருசாத் தெரியுது" என்றார். முழுக் கடையும் தெரிய வேண்டுமென்றால் ஆள் சின்னதாகத்தான் தெரியும், இரண்டையும் ஒரே கண்ணாடி தராது என்று எவ்வளவோ சொன்னேன். மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டு வியாக்கியானம் பேசுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுபடி கூப்பிட்டபோது சுவரில் என் கண்ணாடி இல்லை. செல்போனில் தேடி, "பெரிதாகக் காட்டும்" என்று எழுதியிருந்த தாம்பாளம் அளவுக் குழிந்த கண்ணாடி ஒன்றை அவரே வரவழைத்து அதே ஆணியில் மாட்டியிருந்தார். முகத்துக்கு நேரே பிடித்தால் அது பெரிதாகத்தான் காட்டியிருக்கும். கல்லாவோ கடையின் இந்தக் கோடியில், கண்ணாடி அந்தக் கோடியில். அண்ணாந்து பார்த்தேன். கடைக்கு வந்திருந்த அத்தனை பேரும் கூடையோடு தலைகீழாக நடந்துகொண்டிருந்தார்கள். இடது வலதாகி, வலது இடதாகியிருந்தது. மைதீன் பாய் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையைச் சாய்த்து அதையே பார்த்தார். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து, சத்தம் வெளியே போகாமல் என்னிடம் சொன்னார்: "ஒருத்தன் சோப்பை எடுத்து இடுப்புல சொருகுததை ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். அவன் எந்தப் பக்கமா ஓடுதான்னுதான் கண்டுபிடிக்க முடியலவே."

சாரின் சவரம்

முருகன்குறிச்சிப் பக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சவரம் செய்யாமல் போனதே கிடையாது என்று சொல்லிக்கொள்வார். கண்ணின் உள்ளே நடுப்பகுதி வாடிக்கொண்டு வருகிறது, ஓரப் பார்வை நிற்கும், நடுப்பார்வை நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேராக என் கடைக்கு வந்தார். இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி வாங்கிப் போனார். அப்புறம் மூன்று மடங்கு. அப்புறம் ஐந்து. ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் வெட்டுக்காயத்தின் மேல் செய்தித்தாள் துண்டு ஒட்டியிருக்கும். மடங்கு ஏற ஏற இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும், முகம் முழுவதும் தெரியாது, ஒரு துண்டுதான் தெரியும் என்று சொன்னேன். நாவிதரை வீட்டுக்கு அனுப்பட்டுமா என்றும் கேட்டேன். இன்னொருத்தர் கை முகத்தில் படுவது பிடிக்காது என்றார்.

கடைசியாக, கையை மடக்கி நீட்டுகிற மாதிரி ஸ்டாண்டு வைத்த கண்ணாடியை அவர் வீட்டுக் குளியலறை ஜன்னல் ஓரம் நானே போய் மாட்டினேன். இருந்ததிலேயே அதிக மடங்கு அது. என் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அவர் கன்னத்து வெள்ளை மயிர் ஒவ்வொன்றும் ஈர்க்குச்சி மாதிரி கண்ணாடியில் நின்றது. சார் மூக்கு கண்ணாடியைத் தொடுகிற வரை போனார். முகத்தை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். பிறகு கையைத் தூக்கித் தாடையைத் தடவிப் பார்த்தார். நான் ஸ்க்ரூவை முடுக்குகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பைய சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்லாப் பெருசாத்தான் காட்டுது தம்பி. அதுல நான் எங்கன இருக்கேன்னுதான் தெரியல."

கல்யாணப் புடவை

விக்கிரமசிங்கபுரத்தில் மாடியில் பார்லர் வைத்திருக்கிற அக்கா ஒருவர் பெரிய குழிந்த கண்ணாடி ஒன்று வாங்கினார். கண் மை தீட்டுவதற்கு. கொடுக்கும்போதே சொன்னேன்: வெயில் விழுகிற ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், வேலை இல்லாத நேரம் துணி போட்டு மூடி வையுங்கள், சூரியனை ஒரே புள்ளியில் குவித்துவிடும். "சரி அண்ணாச்சி" என்றார். அந்த மாடியில் வெளிச்சம் வருவது கிழக்கு ஜன்னல் ஒன்றில்தான். மேக்கப் போட வெளிச்சம் வேண்டுமே. ஆகவே கண்ணாடி அங்கேதான் போனது.

அம்பாசமுத்திரத்தில் ஒரு வேலையாகப் போயிருந்தபோது போன் வந்தது. போனால், படியேறும்போதே அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வித்தது கண்ணாடியா அடுப்பா?" மில்லில் வேலை பார்க்கிற ஒருவரின் மகளுக்கு அன்றைக்குக் கல்யாணம். புடவையை மடித்து, கண்ணாடிக்கு முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் போட்டிருக்கிறார்கள். பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த நேரத்தில் வெயில் மேலே ஏறிக் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. கருகின வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். மடிப்பு மடிப்பாக, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை. பெண்ணுக்கு இந்த இடத்தில் இஷ்டமில்லை, வீட்டில் அழுது மிரட்டிச் சம்மதிக்க வைத்தார்கள் என்பதையும் அக்கா அதே மூச்சில், திட்டுக்கு நடுவே, என்னிடம் சொல்லிவிட்டார்.

உள்ளே பெண்ணின் அம்மா புடவையை மடியில் போட்டு அழுதுகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள், அபசகுனம் என்று பேச்சு வருமே, இந்த நேரத்துக்கு வேறு பட்டுக்கு எங்கே போவது என்று புலம்பல். பெண் நாற்காலியில் அசையாமல் இருந்தாள். ஒரு கண்ணுக்கு மை போட்டாகிவிட்டது, மற்றக் கண்ணுக்குப் போடவில்லை. நான் கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று குனிந்தேன். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பார்லர் அக்காவிடம் சொன்னாள்: "ஓட்டை உள்ள போற மாதிரி மடிச்சுக் கட்டிருங்கக்கா. இந்தக் கல்யாணத்துல மத்ததையெல்லாம் அப்படித்தான மறைச்சு வச்சிருக்கோம்."

தண்ணீர் கேன் பக்கம்

கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். உள்ளே புடைத்த கண்ணாடி மாட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சாமான் அடுக்கு தூக்கிக்கொண்டு ஓடுகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி திரும்பும் முக்கு ஒன்று அங்கே உண்டு. இந்தப் பக்கம் வருகிறவருக்கு அந்தப் பக்கம் வருவது தெரியாது. அதற்காகத்தான் இருக்கும் என்று நானும் பாயும் ஏணியை அங்கே கொண்டு போனோம். மேற்பார்வையாளர் கையைக் காட்டி, "அங்கன இல்ல, இங்கன" என்றார். பெண்கள் தண்ணீர் குடிக்கிற இடம். குடிக்க வந்தவர்கள் அங்கேயே நின்று பேசிவிடுகிறார்களாம், அவருடைய அறையிலிருந்தே பார்க்க வேண்டுமாம். முக்குக்கும் ஒன்று போடலாமே என்றேன். "அதுக்குத்தான் வண்டியில ஹாரன் இருக்கே" என்றார்.

பாய் மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தண்ணீர் பிடிக்க வந்தார். நாற்பது வயது இருக்கும். வலது பாதத்தில் பெரிய கட்டு, செருப்பு போட முடியாமல் நொண்டி நொண்டி வந்தார். அந்த முக்கில்தான் போன மாதம் வண்டி ஏறியதாம். வீட்டில் இருந்தால் சம்பளம் கிடையாது என்பதால் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு வாங்கியிருக்கிறார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவரும் கேனும் தூரத்து அறையில் மேற்பார்வையாளரும் பொடிப்பொடியாகத் தெரிந்தார்கள். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, கோபமே இல்லாமல் என்னிடம் கேட்டார்: "நாங்க நிக்கதைப் பார்க்க ஒண்ணு மாட்டுதீய. வண்டி வாரதை நாங்க பார்க்க ஒண்ணு மாட்டப்படாதா?"

சிரிப்புக் கண்ணாடி

ஆனித் தேரோட்ட சமயத்தில் பொருட்காட்சியில் ஒரு வருஷம் சிரிப்புக் கண்ணாடிக் கொட்டகை போட்டேன். எல்லாரும் அழுகிற வியாபாரத்தில் ஒரு மாதமாவது ஜனங்கள் சிரிப்பதைப் பார்க்கலாமே என்ற ஆசைதான். ஆளை ஒல்லியாக இழுத்துக் காட்டுகிற வளைவு ஒன்று, குட்டையாக அமுக்கி அகலமாகக் காட்டுகிற வளைவு ஒன்று, மேலே ஒரு மாதிரி கீழே ஒரு மாதிரி நெளிந்தது ஒன்று. வாசலில் மைதீன் பாய் நின்று ஆட்களைப் பிரித்துப் பிரித்து உள்ளே விடுவார்.

காயல்பட்டினத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கணவருக்கு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சிறுநீரக வைத்தியம். வாரம் தவறாமல் வர வேண்டியிருந்தது. ஊர் திரும்ப பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே வந்திருக்கிறார்கள். சவூதியில் பல வருஷம் ஓட்டுநராக இருந்து, உடம்பு முடியாமல் திரும்பியவர். சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒல்லியாகக் காட்டுகிற கண்ணாடி முதலில் இருந்தது. அதைப் பார்க்காமலே கடந்துவிட்டார். வெளியே போய் உட்காரலாம் என்றார். அந்த அம்மா விடவில்லை. கையைப் பிடித்து அகலமாகக் காட்டுகிற கண்ணாடி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கன்னம் நிறைந்து, தோள் விரிந்து, சட்டை வயிற்றில் இறுக்கிப் பிடித்தபடி ஒருவர் அதில் நின்றார். பின்னால் வரிசை நெருக்கியது. பாய் வாசலில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இந்தாப் பாருங்க, ஊரை விட்டுப் போகும்போது நீங்க இப்படித்தான் இருந்தீங்க."

அடுத்த வருஷம் கொட்டகை போடவில்லை.

வாழைத்தோப்பு வளைவு

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றங்கரையை ஒட்டி ஒரு ஊர். ஊருக்குள் நுழைகிற ரோடு ஒரு இடத்தில் சட்டென்று ஒடிந்து திரும்பும். ஒரு பக்கம் அரிசி ஆலையின் உயரமான மதில், மறுபக்கம் கால்வாயும் அதை ஒட்டி வாழைத்தோப்பும். எதிரே வருவது எருமையா லாரியா என்று திரும்பின பிறகுதான் தெரியும். அங்கே வாழைத்தார் ஏற்றி அனுப்புகிற ஆறுமுகம் என்பவர் என்னைத் தேடி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. அவருடைய மனைவி மொபெட்டில் அந்த வளைவில் திரும்பும்போது, தார் ஏற்ற வந்த லாரியில் மாட்டி இறந்துபோனார். லாரி வந்தது இவருடைய தாரை ஏற்றத்தான். அதை என்னிடம் சொல்லும்போது அவர் கடைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கால்வாய் ஓரம் கம்பம் நட்டுப் பெரிய புடைத்த கண்ணாடி ஒன்றை மாட்டினோம். ஆறுமுகத்திடம் தெளிவாகச் சொன்னேன்: வண்டி வருவது தெரியும், ஆனால் உருவம் சின்னதாகத் தெரிவதால் இருக்கிற இடத்தைவிட ரொம்ப தூரத்தில் இருக்கிற மாதிரி தோன்றும்; பார்த்துவிட்டோம் என்று திரும்பக் கூடாது, வண்டி தாண்டிப் போகிற வரை நிற்க வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் எழுதின பலகை ஒன்றையும் அதே கம்பத்தில் கீழே பொருத்தினேன். ஊர்க்காரர்கள் கூடி நின்று பார்த்தார்கள். பாய் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே வர, ஓர் இடத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ரோடு முழுவதும் கண்ணாடிக்குள் வந்துவிட்டது. தூரத்தில் ஒரு பால்வண்டி வருவதுகூடத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகம் கால்வாய்க் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தோம். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், என்னிடம் கேட்டார்: "இவ்வளவுதானா அண்ணாச்சி? இவ்வளவு லேசான காரியமா இது?"

ஆஸ்பத்திரியில்

அந்தக் கண்ணாடி மாட்டி நல்லபடியாகக் கொஞ்ச காலம் போனது. பிறகு ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். இசக்கி என்கிற பையன், இருபத்திரண்டு வயது, பைக்கில் பால் கேன் கட்டி ஊற்றுகிறவன், அதே வளைவில் லாரியில் மாட்டிக்கொண்டான். உயிர் தப்பிவிட்டது, முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். "உங்க கண்ணாடியிலதான் ஏதோ கோளாறுங்கானுவ, என்ன சொல்லுதீய?" என்றார் இன்ஸ்பெக்டர். சம்பவ இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. சாய்வு மாறவில்லை. கீழே நான் பொருத்திய பலகை மட்டும் தெரியவில்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கட்டிய பிளெக்ஸ் அதை முழுக்க மூடியிருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் கும்பிட்டபடி வருக வருக என்றார்கள். இன்ஸ்பெக்டர் அதை விலக்கிப் பலகையைப் படித்தார். என்னைப் பார்த்தார். போகலாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அவ்வளவில் எனக்குப் பிரச்சினை தீர்ந்தது.

தீர்ந்துவிட்டது என்று வீட்டில் உட்கார முடியவில்லை. மைதீன் பாயையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இசக்கியின் அம்மா கட்டிலுக்குக் கீழே கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையன் திருப்பவில்லை. உட்காரச் சொன்னான். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிப் படுத்திருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். வேகமாக வந்தானோ, கண்ணாடியைக் கவனிக்கவில்லையோ என்று என் மனத்தில் ஓடியது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சமாதானம் சொல்கிற குரலில், பைய சொன்னான்: "பார்க்காமத் திரும்பல அண்ணாச்சி. நின்னு பார்த்தேன். லாரி தெரிஞ்சது. சின்னதா, அந்தக் கடைசில தெரிஞ்சது."

கழற்றிய அன்று

ஊர்க் கூட்டம் போட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். நானும் போய்ப் பேசிப் பார்த்தேன். கண்ணாடி இருக்கட்டும், இரண்டு பக்கமும் வேகத்தடை போடுங்கள், பலகையை மறைக்காதீர்கள், மதிலின் மூலையைக் கொஞ்சம் இடிக்க ஆலைக்காரரைக் கேளுங்கள் என்றேன். வேகத்தடை போட மனு கொடுக்க வேண்டும், ஆலைக்காரரை யார் கேட்பது, பிளெக்ஸ் கட்டினவர் ஊரில் வேண்டப்பட்டவர். கழற்றுவதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இசக்கியின் சித்தப்பா, "முன்னால ஆளு நின்னு ஹாரன் அடிச்சுத் திரும்புவான். இது வந்த பிறகு எல்லாப் பயலும் இதை நம்பித் திரும்புதான்" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று எனக்குள் பட்டதும் பாயிடம் ஏணியை எடுக்கச் சொன்னேன்.

மைதீன் பாய் ஏணியில் ஏறினார். இந்த வேலையில் எத்தனையோ கழற்றியிருக்கிறோம். அன்றைக்கு அவர் ஒரு நட்டைத் திருக அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். ஆறுமுகம் வந்து என் பக்கத்தில் நின்றார். மாட்டினது அவர் காசு, கழற்றச் சொன்னது ஊர். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இசக்கிக்குச் செயற்கைக்கால் வைக்கத் தன்னால் ஆனதைச் செய்கிறேன் என்று அவர் போய்ச் சொன்னதும், அந்த வீட்டில் வாங்க மறுத்ததும் எனக்குத் தெரியும். கண்ணாடி இறங்கினதும் மதிலுக்கு அந்தப் பக்கம் மறுபடி ஒன்றும் தெரியாமல் போனது. ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. அது போகிற வரை பார்த்திருந்துவிட்டு ஆறுமுகம் கேட்டார்: "இது இல்லாம இருந்தப்போ என் வீட்டுக்காரி போனா. இது இருந்தப்போ அந்தப் பயலுக்குக் கால் போச்சு. படிச்சவுக நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நாங்க எப்படித்தான் திரும்பணும்?"

வருவதைக் காட்டுகிற சாமான் வரைக்கும்தான் என் கடையில் உண்டு, வருவதை நிறுத்துகிற சாமானை எந்தக் கம்பெனியும் எனக்கு இன்னும் அனுப்பவில்லை.